கமாவையும் சேர்த்துச் சொன்னவள்

இவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் மேல்கட்டில்காரி. இவள் அறைக்கு வந்த முதல் வாரமே வைத்துவிட்டாள். அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் இவள், மேல்தட்டில் அவள், எதிரே ஒற்றைக் கட்டிலில் சீனியர் அக்கா. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். அவ்வளவு பெரிய ஊரில், அந்த வாடகைக்கு, சுவராவது தெரிகிறதே என்று சீனியர் அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டுவாள். முன்பு இருந்த இடத்தில் அவளுக்கு ஜன்னலே கிடையாதாம்.

இவளுக்கு எதையும் வாய்விட்டுத்தான் படிக்க வரும். அதுவும் சும்மா படிக்க மாட்டாள். கமா வந்தால் "கமா" என்பாள். வாக்கியம் முடிந்தால் "புள்ளி". பத்தி மாறினால் "பத்தி". ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவாள், எதிரே யாரோ உட்கார்ந்திருப்பது போல.

"ஏண்டி, அந்த ரேடியோவைக் கொஞ்சம் அணைச்சுத் தொலையேன். நேத்து என் கனவுல என் மாமன் 'எப்படி இருக்க கமா கண்ணு புள்ளி'ன்னு பேசறாருடி" என்று மேலேயிருந்து குரல் வரும்.

அது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் அச்சுத்தாளில் கண் ஓட்டித் திருத்த வேண்டும், அதுதான் வேலைமுறை. படிக்கிறவர் நிறுத்தக்குறிகளையும் சேர்த்துப் படிக்காவிட்டால் பயனில்லை. அச்சகத்தில் அதற்கென்று ஆள் போடவில்லை. மிச்சத் தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எட்டு வயதிலிருந்து மூலம் படித்தது இவள்தான். கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, மாட்டுத் தீவனக் கையேடு, கல்லூரிப் பாடப்புத்தகம், யாரோ பணம் கொடுத்துப் போட்டுக்கொண்ட கவிதைகள் என்று எதையும் விட்டதில்லை. வாக்கியம் சரியாக இருந்தால் அப்பா "ம்" என்பார். "ம்" வராவிட்டால் காத்திருக்க வேண்டும். சிவப்புப் பேனா தாளில் ஏதோ கிறுக்கும். அப்புறம் "ம்". அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதில் பாதி அந்த ஓரெழுத்துதான்.

அந்த அப்பா, இவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன மூன்றாவது மாதம் போய்விட்டார்.

செய்தி வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். காலையில் வகுப்பு, மதியம் ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு ஹோட்டலின் நிலவறையில் சலவைக்கூடம். படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும். ஒரு முனையைப் பிடித்தபடியே போனை எடுத்தாள். சித்தப்பா.

"அம்மாடி, அப்பா போயிட்டாரும்மா. காலைல காபி குடிச்சாரு, சாய்ஞ்சாரு, அவ்வளவுதான். நீ கிளம்பி வந்து சேர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் வெச்சிருக்க முடியாது. நீ அங்கேயே இரு. அம்மாவை நான் பாத்துக்கறேன்."

"சரி சித்தப்பா" என்றாள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த பெண் இவள் முகத்தைப் பார்த்தாள். இவள் தலையசைத்தாள். விரிப்பு உருளைக்குள் போனது.

அன்றிலிருந்து இடைவேளை கிடைத்தபோதெல்லாம் உலர்த்தும் அறைக்குள் போய் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைப் படித்தாள். நான்கு இயந்திரங்கள் உறுமும் அறையில் எவ்வளவு சத்தமாகப் படித்தாலும் யாருக்கும் கேட்காது. மூடிய அறைகளில் வேலை செய்பவர்களின் உடல்நலம் பற்றிய தடிமனான புத்தகம் அது. எழுதியவர் அவளுடைய பேராசிரியரேதான். கமா, புள்ளி, பத்தி. நிறுத்தினாள். "ம்" வருகிற நேரம் அளவுக்குக் காத்திருந்தாள். அடுத்த வாக்கியம். அழ வராத ஒருத்திக்கு அது ஒரு வழி. நான்கு அத்தியாயங்கள், திரும்பத் திரும்ப, ஐந்து வாரம். மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தங்கிவிட்டது.

அப்புறம் பரீட்சை வந்தது. "மூடிய பணியிடங்களில் வெப்பம் உடலை எவ்வாறு பாதிக்கிறது, விளக்குக" என்று ஒரு கேள்வி. எழுதினாள். ஆறு பக்கம். பேனா தானாக ஓடியது. மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது, அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக, நன்றாகப் பசித்தது.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. அவளுடைய விடை பேராசிரியரின் புத்தகத்தோடு ஆறு பக்கத்துக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. தேர்வு மண்டபத்துக்குள் தாள் கொண்டுசென்று பார்த்து எழுதியதாகப் புகார். விசாரணை நடக்கும்.

சீனியர் அக்கா போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "ஆறு பக்கமும் புத்தகத்துல இருக்கிற மாதிரியேவா எழுதின?"

"ஆமாக்கா."

"கமா கூடவா?"

"கமா இல்லாம எப்படிக்கா எழுதறது?"

மேல்கட்டில்காரி தலையை மட்டும் தொங்கவிட்டுச் சிரித்தாள். "நம்ம பள்ளிக்கூடமா இருந்தா கோப்பை குடுத்து மாலை போட்டிருப்பாங்கடி. இங்க ஆப்பு வெக்கறாங்க."

மறுநாள் மாணவர் நல அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஆலோசகர் நல்ல பெண்மணி. மேஜையில் மிட்டாய்க் கிண்ணம் வைத்திருந்தார், எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை நகர்த்தினார்.

"இது ஒப்புதல் படிவம். கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். பரீட்சையைத் திரும்ப எழுதலாம். விசாரணைக்குப் போய்த் தோத்தீங்கன்னா படிப்பு போயிடும். படிப்பு போனா விசாவும் போயிடும். நிறையப் பேர் கையெழுத்துதான் போடறாங்க."

"நான் காப்பியடிக்கலையே."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மூணு நாலு மாசத்துல குடும்பத்துல யாராவது… ஏதாவது துக்கம்?"

அவள் மிட்டாய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அதுவே பதிலாகிவிட்டது. இரண்டாவது படிவம் வந்தது. துயரச் சூழல் விண்ணப்பம். காரணம் எழுத ஒன்றரை வரி இடம். கீழே, இறப்புச் சான்றிதழின் நகலை இணைக்கவும்.

"இதைக் குடுத்தா ரொம்பக் கருணையோட பாப்பாங்க" என்றார்.

அந்த ஒன்றரை வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு படிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தைத் தட்டி நேராக்கி, திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டும் வேண்டாம். விசாரணைக்கே வரேன்."

அன்று அறையில் பெரிய சண்டை. சீனியர் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு எழுந்துவிட்டாள்.

"உனக்கு என்ன கொழுப்பா? அப்பா செத்தது உண்மைதானே? பொய்யா சொல்லப் போற?"

"உண்மைதான்க்கா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அதைக் குடுத்தா, அப்பா செத்த துக்கத்துல காப்பியடிச்சிருக்கா, பாவம்னு ஆயிடும். நான் திருடினதுக்கு அவர் வந்து ஜாமீன் நிக்கணுமா? அதுவும் நான் திருடவே இல்ல."

"வீராப்புப் பேசாத. இந்த ஊர்ல நாம இருக்கறதே ஒத்தைக் கால்லதான். நாளைக்கு விமானம் ஏத்தி அனுப்பிட்டா உங்கம்மா முகத்துல எப்படி முழிப்ப?"

அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்று அம்மாவிடமிருந்து போன் வந்தபோது மாடிப்படியில் போய் உட்கார்ந்து பேசினாள்.

"சாப்பிட்டியா?"

"ம். நீ?"

"ஆச்சு. அப்பாவோட கண்ணாடியும் பேனாவும் மேஜை மேலயே கிடக்கு. எடுத்து உள்ள வெக்கறதான்னு தெரியல."

"இருக்கட்டும்மா. அங்கேயே இருக்கட்டும்."

"படிப்பெல்லாம் ஒழுங்கா போகுதா?"

"போகுதும்மா" என்றாள். அந்த வருஷம் முழுக்க அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

விசாரணை அறையில் தரைவிரிப்பு போட்டிருந்தார்கள். நீளமான மேஜை, கண்ணாடிக் குடுவையில் தண்ணீர். நடுவில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட தலைவர் அம்மா. ஒரு பக்கம் பேராசிரியர். இன்னொரு பக்கம், பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்கிற எழுத்தர். அவர்கள் எதிரே ஒற்றை நாற்காலி. பேச்சு முழுக்க அந்த ஊர் மொழியில்தான். அவளுக்கு அந்த மொழி தடங்கலில்லாமல் வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

"எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுது. இது எப்படின்னு சொல்லுங்க" என்றார் தலைவர்.

"படிச்சேன். ஞாபகம் இருந்துச்சு."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புத்தகத்தை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. எனக்கே அதுல நாலு வரி தொடர்ந்து சொல்ல வராது."

"எழுதினவர் மறந்துடலாம் சார். படிச்சவளுக்கு அந்த வசதி இல்ல."

எழுத்தரின் விரல் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. தலைவர், "உங்க குடும்பத்துல ஏதோ…" என்று கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார்.

"அதைப் பத்திப் பேச நான் வரல. முதல் நாலு அத்தியாயத்துல எந்தப் பக்கத்தை வேணும்னாலும் எடுங்க."

பேராசிரியர் புத்தகத்தை எடுத்தார். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். வேண்டுமென்றே ஒரு சிரமமான இடத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. "நூத்திப் பன்னெண்டு. 'மூடிய அறையில்'னு தொடங்குது."

அவள் தண்ணீர்க் குடுவையைப் பார்த்தபடி தொடங்கினாள். "மூடிய அறையில் வேலை செய்பவரின் உடல் கமா சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் நிலையில் கமா வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஒன்றே வழி புள்ளி."

நிறுத்தினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பேராசிரியரைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் தலைவர்.

"இல்ல. சரியான்னு அவர் சொல்லணும். சொன்னாத்தான் அடுத்தது."

பேராசிரியர் வரியில் விரலை வைத்திருந்தார். "சரி" என்றார்.

அடுத்த வாக்கியம். "சரி." அதற்கடுத்தது மூன்று கமாவும் ஓர் அடைப்புக்குறியும் உள்ள நீள வாக்கியம், அடைப்புக்குறியைத் திறந்து மூடி முடித்தாள். "சரி." விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. பக்கத்தின் நடுவில் எங்கேயோ அவர் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், தொண்டைக்குள்ளேயே, "ம்" என்றார்.

அவளுக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை.

மறக்கவில்லை. வாக்கியம் நாக்கின் நுனியில்தான் நின்றது. மேஜைக்குக் கீழே ஒரு கையால் இன்னொரு கையை அழுத்திப் பிடித்தாள். இவர்கள் முன்னால் அழ மாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். பேராசிரியர் நிமிரவே இல்லை. விரல் அடுத்த வரியின் தொடக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. அவள் முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தாள்.

"ம்."

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் தலைவர் கையை உயர்த்தினார். "போதும், போதும்."

"கொஞ்சம் இருங்க, இந்தப் பத்தி முடியட்டும்" என்றார் பேராசிரியர்.

பத்தி முடிந்தது. அவர் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தார். "இவங்க காப்பியடிக்கல. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. நீங்க எழுதினது என் பதில். உங்க பதில் எங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கேள்வியில 'விளக்குக'ன்னுதான் இருந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்துல சொந்தமா ஒரு வரி எழுதினா, புத்தகத்துல இல்லாததை எதுக்கு எழுதினன்னு வகுப்புக்கு வெளிய நிக்க வெப்பாங்க. புத்தகம் எழுதினவரே எதிர்ல உக்காந்திருக்கும்போது அதைவிட நல்லா எனக்குத் தெரியும்னு சொன்னா, அதுக்குப் பேரு திமிரு."

"இங்க யாரும் வெளிய நிக்க வெக்க மாட்டாங்க."

"அப்படின்னா சொல்றேன். நூத்திப் பதினெட்டாம் பக்கம் தப்பு."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெப்பமான அறையில வேலை செய்யறவங்க இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை தண்ணி குடிக்கணும்னு எழுதியிருக்கீங்க. வேலை செய்யறவங்க கவனக்குறைவால குடிக்கறதில்லன்னும் எழுதியிருக்கீங்க. நான் சலவைக்கூடத்துல வேலை செய்யறேன். தண்ணி வெச்சிருக்காங்க, பெரிய பெரிய பாட்டில்ல. எங்களுக்குக் கவனமும் இருக்கு. கழிப்பறை ரெண்டு மாடி மேல. கதவைத் திறக்க அட்டை வேணும். பதினோரு பொம்பளைங்களுக்கு ஒரே அட்டை. அது மேற்பார்வைக்காரியோட கழுத்துல தொங்குது. ஒவ்வொரு தடவையும் போய்க் கேக்கணும், 'இப்பதானே போன'ன்னு அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லணும். அதனால யாரும் தண்ணி குடிக்கறதில்ல. உங்க புத்தகத்துல காத்து இருக்கு, வேர்வை இருக்கு, ரத்த அழுத்தம் இருக்கு. நானூறு பக்கத்துல ஒரு கழிப்பறை இல்ல சார்."

எழுத்தர் தட்டச்சு செய்வதை மறந்திருந்தார். பேராசிரியர் மறுபடி புத்தகத்தைத் திறந்தார். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் தேடி எடுத்து, ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். நீலப் பேனா. இவள் அதையும் கவனித்தாள்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. மேல்கட்டில்காரி கட்டிலிலிருந்து குதித்தே இறங்கினாள். சீனியர் அக்கா, "சாமி, பிழைச்சோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் மட்டும் மறுபடி முதல் வரிக்குப் போனாள்.

"போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால் தங்கள் மீதான புகார் கைவிடப்படுகிறது. விடை தங்கள் சொந்த வார்த்தைகளில் இல்லாததால், தேர்வை மீண்டும் எழுத வேண்டும். ஏற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டு அனுப்பவும்."

"இது சரியில்ல" என்றாள்.

"எது?"

"திரும்ப எழுதறது நியாயம்தான், எழுதிட்டுப் போறேன். முதல் வரி சரியில்ல. ஆதாரம் கிடைக்கலன்னா, திருடியிருக்கா, ஆனா மாட்டலன்னு அர்த்தம். இது என் கோப்புல கிடக்கும். நாளைக்கு எவனாவது எடுத்துப் படிப்பான்."

"எவன் படிக்கப் போறான்? குடுத்ததை வாங்கிக்கிட்டு வாயை மூடிட்டு இருக்கத் தெரியாதா உனக்கு?" அக்காவுக்குக் குரல் உடைந்தது. "கையெழுத்துப் போட்டாத்தான் பரீட்சைப் பட்டியல்ல பேரு வரும். பதினஞ்சு நாள்தான் இருக்கு."

"தெரியும்க்கா."

நூலகத்துக்குப் போய்க் கடிதத்தை அச்செடுத்தாள். தெருமுனைக் கடையில் ஒரு சிவப்புப் பேனா வாங்கினாள். கட்டிலில் உட்கார்ந்து, அச்சகத்தில் செய்வது போலவே, "போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால்" என்ற சொற்களை ஒரே கோடாக அடித்து, கோட்டின் நுனியை ஓரத்துக்கு இழுத்து, அங்கே நீக்கற்குறி போட்டாள். அதற்குக் கீழே, பதிலாக வர வேண்டியதைக் கட்டம் கட்டி எழுதினாள்: "தவறு எதுவும் செய்யவில்லை என்று உறுதியானதால்." மேலே வலது மூலையில், அப்பா ஒவ்வொரு தாளிலும் எழுதுவது போல, "திருத்தி மீண்டும் அச்சுப்படி அனுப்பவும்" என்று எழுதித் தேதி போட்டாள். கையொப்பம் இட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். அலுவலகத்துக்கு நடந்தே போய் ஜன்னலில் கொடுத்தாள். வாங்கியவர் சிவப்பு மையைப் பார்த்து, "இது என்னது?" என்றார்.

"பிழைதிருத்தம்" என்றாள்.

பதினொரு நாள் பதில் இல்லை. தினமும் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அவள் பெயர் இல்லை. சீனியர் அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் அவளுக்கும் சேர்த்துத்தான் சோறு வைத்தாள். சலவைக்கூடத்தில் இவள் ஒவ்வொரு மணிக்கும் ஒரு குவளை தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு மணிக்கும் போய் மேற்பார்வைக்காரி முன் அட்டைக்காகக் கையை நீட்டினாள். "இப்பதானே போன?" "ஆமா. மறுபடி போகணும்." மூன்றாவது நாள் விரிப்பின் மறுமுனைக்காரியும் ஒரு குவளை எடுத்தாள். அந்த வாரக் கடைசியில் மேற்பார்வைக்காரி, சலித்துப்போய், அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். கோபமாகத்தான் மாட்டினாள். ஆனால் மாட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கடிதம் வந்தது. அவள் போனைத் திறக்காமல் மேலே நீட்டினாள்.

"நீ படிடி."

"நானா? உனக்குக் கண்ணு இல்லையா?"

"எழுதினவளே படிச்சா பிழை தெரியாது. இன்னொருத்தர்தான் படிக்கணும். கமாவோட படி."

மேல்கட்டில்காரி முணுமுணுத்துக்கொண்டே வாங்கினாள். இவள் தான் திருத்தி அனுப்பிய தாளின் நகலை மடியில் விரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டாள். சீனியர் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"தாங்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்று உறுதியானதால் கமா," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "தங்கள் மீதான புகார் நீக்கப்படுகிறது புள்ளி."

குரல் நின்றது. மேல்கட்டில்காரி தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"என்னடி? சரியா இருக்கா இல்லையா? சொன்னாத்தானே அடுத்தது படிக்க முடியும்?"

அவளுடைய பேனா முனை வரியின் முடிவில் நின்றது. ஒரு தடவை தொடக்கத்துக்குப் போய், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக மறுபடி வந்து சேர்ந்தது.

"ம்" என்றாள்.